பங்கு போட்ட மான்

நான் அழவில்லை அன்ரி. இந்த பஸ்ஸில் ஹீற்றர் நேரே முகத்துக்கு அடிக்குது, கண் காய்ந்து தண்ணி வருகிறது. அவ்வளவுதான்.

சரி, அழுகிறேன்தான். பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகுது. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. எங்கட ஊரில் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், தவராசாவின் இளையவள் வாய்க்காரி, ஆனால் மனதில் இருக்கிறதை முகத்துக்கு நேரே சொல்லிப்போடுவாள் என்று.

நீங்கள் தமிழ் என்று ஏறும்போதே தெரிந்துவிட்டது. ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஐஸ்கிறீம் கொண்டுபோகிற தமிழ் ஆளை நான் இன்னும் காணவில்லை. ஐயோ, வேண்டாம், எனக்கு வடை வேண்டாம். நல்லாய்த்தான் இருக்கும். இரண்டு நாளாய் ஒன்றும் தொண்டையால் இறங்கவில்லை.

கல்கரிக்கோ? நானும்தான். அக்கா வீட்டுக்கு. அக்காவுக்கு ஏழு மாதம். அவளுக்கு ஒரு விசயம் சொல்லவேணும், போனில் சொல்லக்கூடாத விசயம். இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கு. முதலில் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்குச் சொல்ல முடிந்தால் அவளுக்கும் சொல்லுவேன். நீங்கள் ஆரென்று எனக்குத் தெரியாது, அதுதான் வசதி.

நான் ஒரு மான் சுட்டேன் அன்ரி.

சிரியுங்கோ, பரவாயில்லை. எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். களவாய் இல்லை. லைசென்ஸ் எடுத்து, சோதனை எழுதி, முறையாய். தொண்ணூற்றாறு மார்க்ஸ். என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த கூடிய மார்க்ஸ் அதுதான். மற்றதெல்லாம் நாற்பதுக்குக் கீழே. போன மாசியில், பன்னிரண்டாம் வகுப்பில், பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏன் விட்டாய் என்று நீங்களும் கேட்காதேங்கோ. பிடிக்கவில்லை, விட்டேன்.

அப்பாவுக்கு இறைச்சி பக்டரியில் வேலை. பதினேழு வருசம் குளிர் அறைக்குள் நின்று மாடு வெட்டி, வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது. "உங்களைப் படிப்பிக்கத்தான் இந்த விரல் போனது" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அன்றைக்கு என்னோடு கதைப்பதை விட்டவர்தான். கத்தினால் நானும் கத்தலாம். அவர் கத்தவில்லையே. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம், "அவளிட்ட உப்பைத் தரச்சொல்லும்" என்பார். நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். ஒன்பது மாதம், அன்ரி. என் பெயர் யதுசா. ஒன்பது மாதம் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை.

ரயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கிறிஸ்டல் என்று ஒருத்தி, என்னைவிட எட்டு வயது மூப்பு, வாயைத் திறந்தால் தூசணம். ஆனால் துவக்கைத் தூக்கினால் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்பாள். அவளோடுதான் வேட்டைக்குப் போனேன்.

நான் கதையை நேராய்ச் சொல்லவேணும். இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

எங்கட பக்கத்து மான்களுக்கு ஒரு வருத்தம் வந்திருக்கு. மூளையைத் தின்னுகிற வருத்தம். மான் மெலிந்து மெலிந்து எலும்பாகி, வாயால் வீணி வடித்துக்கொண்டு, கார் வந்தாலும் விலகத் தெரியாமல் றோட்டில் நிற்கும். மருந்து இல்லை. கொதிக்க வைத்தாலும் அந்தக் கிருமி சாகாது. கிருமி என்று சொல்லவும் கூடாதாம், அது வேறு என்னவோ. அந்த மான் செத்துக் கிடந்த மண்ணில்கூட வருசக்கணக்காய் இருக்குமாம். அதுக்கு அரசாங்கம் என்ன செய்யுது என்றால், வேட்டைக்காரரை வைத்தே வைத்தியம் பார்க்குது. வருத்தம் இருக்கிற வலயத்துக்குள் கூடுதலாய்ச் சுடலாம் என்று மேலதிகமாய் அட்டை தருவார்கள். கூட்டம் குறைந்தால் ஒன்றோடு ஒன்று உரசுவது குறையும், வருத்தம் பரவுவதும் குறையும். ஆனால் சுட்டவர் தலையைக் கொண்டுபோய்க் குடுக்கவேணும். கட்டாயம். தலையைச் சோதித்துப் பார்த்து, வருத்தம் எவ்வளவு தூரம் வந்திருக்கு என்று வரைபடத்தில் கோடு போடுவார்கள். ரிசல்ட் வரும்வரை இறைச்சியைச் சாப்பிடக்கூடாது. முதுகெலும்பை வெட்டக்கூடாது. எலும்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் எடுக்கவேணும். இவ்வளவும் அந்தப் புத்தகத்தில் இருக்கு. சோதனையில் கேள்வியாகவும் வந்தது. நான் சரியாய்த்தான் எழுதினேன்.

மற்றது, ஆற்றுக்கு இந்தப் பக்கம் அதுவரைக்கும் ஒரு மானுக்கும் வருத்தம் இருந்ததில்லை. எல்லாம் அந்தப் பக்கம்தான். சும்மா ஒரு காவலுக்குத்தான் இந்தப் பக்கத்தையும் வலயத்துக்குள் சேர்த்திருந்தார்கள். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை விடிய. பெட்டை மான். கொழுத்த மான், அன்ரி, தோல் பளபளவென்று. ஒரே வெடி. விழுந்த உடனே நான் பனிக்குள் குந்திச் சத்தி எடுத்தேன். கிறிஸ்டல் முதுகில் தட்டிச் சிரித்தாள். தலையை வெட்டி, இரண்டு பைக்குள் போட்டு, அட்டையைக் கட்டி, அரசாங்கக் கந்தோர் வாசலில் வைத்திருக்கிற பெரிய பிரீசருக்குள் போட்டேன். அதில் ஒரு பிழையும் விடவில்லை. தலை குடுத்ததுக்குத் தந்த துண்டுச் சீட்டை இன்னும் பேர்சுக்குள் வைத்திருக்கிறேன்.

மிச்சத்தைக் கொண்டுவந்து கராஜில் இறக்கினோம். கிறிஸ்டல் போய்விட்டாள். வீட்டுப் பக்கக் கதவு திறந்தது. அப்பா, சாரமும் குளிர் ஜக்கெற்றும்.

"ஆர் சுட்டது?"

அம்மாவைப் பார்த்துக் கேட்கவில்லை அன்ரி. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான்."

"எத்தினை வெடி?"

"ஒண்டு."

"ஓடினதோ?"

"ஓடேல்லை. நாலடி போய் விழுந்திட்டுது."

சுற்றி வந்தார். குனிந்து நெஞ்சில் வெடி பட்ட இடத்தை அந்த மடங்காத விரலால் தொட்டுப் பார்த்தார். "தலை எங்கை?"

"அரசாங்கத்துக்குக் குடுத்தாச்சு."

"அட விசரி! மூளையைக் கொண்டுபோய் அவங்களுக்கோ குடுத்தனீ? பொரிச்சா என்னமாதிரி இருக்கும்!"

சிரித்தார். அப்பா சிரித்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பிக் கத்தினார், "இஞ்சை வந்து பாரும், யதுசா என்ன செய்திருக்கிறாள் எண்டு!"

யதுசா என்றார்.

உங்களுக்குப் பங்கு இறைச்சி தெரியும்தானே? நீங்கள் எந்த ஊர்? புங்குடுதீவோ? அப்ப உங்களுக்குத் தெரியாமலோ. இங்கே எங்கட ஊரில் எங்களோடு சேர்த்து ஐந்து தமிழ் வீடு. ஆட்டிறைச்சி வேண்டுமென்றால் நாலு மணித்தியாலம் கார் ஓடவேணும். முழு மிருகம் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தரம். அப்பா விரிப்பைப் போட்டார். பக்டரியில் எலும்பு அரிகிற வாளைக் கொண்டுவந்தார். ஆறு குவியல். ஐந்து வீட்டுக்கு ஐந்து, அக்காவுக்கு ஒன்று. எல்லாக் குவியலிலும் எல்லாம் இருக்கவேணும், தொடை, நெஞ்சு, ஈரல், கொழுப்பு, எலும்பு. முக்கியமாய் எலும்பு. முதுகெலும்பைத் துண்டு துண்டாய் அரிந்து ஒவ்வொன்றிலும் வைத்தார். "எலும்பில்லாட்டில் அது பங்கே?" என்றார். ஒரு துண்டை எடுத்து இந்தக் குவியலில் வைப்பார், எட்ட நின்று பார்ப்பார், எடுத்து அந்தக் குவியலில் வைப்பார். நீதவான்மாதிரி.

நான் சொன்னேன். ரிசல்ட் வரட்டும் என்று சொன்னேன். அதை நீங்கள் நல்லாய் நினைவில் வைத்திருங்கோ. நான் சொன்னேன்.

பிறகு ஒராள் திரும்பி நிற்கவேணும். குவியலைப் பார்க்காமல் பெயர் சொல்லவேணும், அப்பத்தான் ஆருக்கும் குறை வராது. என்னைத்தான் நிற்கச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆருக்கு?"

"வசந்தி அன்ரி வீட்டுக்கு."

"இது?"

"குலம் மாமாவுக்கு."

"இது ஆருக்கு?"

"அக்காவுக்கு."

அந்தக் குவியல். என் வாயால்தான் சொன்னேன்.

அன்றைக்கே வீடு வீடாய்க் கொண்டுபோனோம். நான் பிக்கப்பை ஓட்டினேன். அப்பா ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, சட்டியை நீட்டி, "என்ர இளையவள் சுட்டது. ஒரே வெடி" என்றார். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மைனஸ் பதினெட்டு. காது விறைத்தது. கண்ணாடியை ஏற்றவில்லை. நாலு வாசலிலும் கேட்டேன். குலம் மாமா வீட்டில் அப்பாவே, "படிப்பு எல்லாருக்கும் ஒத்துவருமே? இவளுக்குக் கை வேலை" என்றார். அதைத்தான் மாசியில் நான் சொன்னேன். அப்ப ஆர் கேட்டது?

அடுத்த கிழமை அக்கா வந்தாள். ஐந்து மாதம் அப்ப. இரத்தம் குறைவு, இறைச்சி நல்லாய்ச் சாப்பிடச் சொல்லி டொக்டர் சொன்னதாம். அப்பா அவள் பங்கைக் குடுத்து, எங்கட பங்கிலிருந்த முதுகெலும்பையும் அள்ளிப் போட்டார், சூப் வை பிள்ளை என்று. அவள் ஞாயிறு ஞாயிறாய் வைத்தாள். மிளகு, உள்ளி எல்லாம் தட்டிப் போட்டு. வைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்புவாள். "உன்ர மான், உன்ர பெறாமகன் உதைக்கிறான்" என்று எழுதுவாள். நான் அதுக்கு ஒரு சிவப்பு இதயம் போடுவேன்.

ஆறு ஞாயிறு. ஆறு இதயம் போட்டிருக்கிறேன் அன்ரி. ரிசல்ட் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு போட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. ஒரு ரயரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன், போனில் மெசேஜ் வந்தது. உங்கள் மானுக்கு நோய் உண்டு. இந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

எடுத்தேன். ஒரு பொம்பிளை. நல்ல பிள்ளை, பாவம், அவளைக் குறை சொல்லமாட்டேன். மனிசருக்கு இந்த வருத்தம் வந்ததாய் இதுவரைக்கும் ஒரு பதிவும் இல்லை, ஆனால் சாப்பிடவேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம், மிச்சத்தை இரண்டு பைக்குள் கட்டிக் குப்பைக் கிடங்குக்குக் குடுங்கள் என்றாள். என் மான்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் முதல் மானாம். நீ தலை குடுத்தபடியால்தான் கண்டுபிடித்தோம், வரும் வருசம் கோட்டை இந்தப் பக்கம் தள்ளிப் போடுவோம், கூட அட்டை குடுப்போம், உனக்கு நன்றி என்றாள். பதிலுக்கு இன்னொரு மான் சுடலாமாம். எனக்கு!

"சாப்பிட்டிட்டால்?" என்று கேட்டேன்.

"எவ்வளவு?"

"ஐந்து வீடு. ஒரு பிள்ளைத்தாச்சியும்."

ஆரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். பிறகு, "பிள்ளைக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியாது, டொக்டரிடம் சொல்லுங்கள்" என்றாள். உண்மைதான் சொன்னாள். அவளுக்குத் தெரியாது, ஆருக்கும் தெரியாது. தெரியாது என்கிறதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யிறது அன்ரி? மானுக்கே இரண்டு வருசத்துக்குப் பிறகுதான் வெளியில் தெரியவருமாம். அப்ப மனிசருக்கு எத்தினை? ஒவ்வொரு நாளும் எழும்பி அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ? அது விழுந்தால், சும்மா பிள்ளைகள் நடை பழகும்போது விழுகிறமாதிரி விழுந்தால், நான் என்ன நினைப்பேன்?

அக்காவுக்கு உடனே எழுதினேன், இறைச்சியைத் தொடாதே, வியாழன் வந்து சொல்லுறன் என்று. வேறு ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா சாமியறைக்குள் போய்விட்டாள். அப்பா எழும்பவில்லை. கையைப் பார்த்தபடியே கேட்டார்.

"சாப்பிடக்கூடாது எண்டு நீ எனக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான்."

"எப்ப?"

"அண்டைக்குத்தான். கராஜிலை. வெட்ட முன்னம்."

தலையாட்டினார். "அப்ப நான்தான் கேக்கேல்லை" என்றார். "ஆசையிலை நிண்டிட்டன்."

அவ்வளவுதான். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். அதே நாலு வாசல். அதே பிக்கப். நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு வாசலிலும், "பிள்ளை எனக்குச் சொன்னவள். நான்தான் கேக்கேல்லை. பிழை என்ர" என்றார். வசந்தி அன்ரி பிடித்தாள் பிடி. "உமக்கு விசரே தவம் அண்ணை? படிச்ச பிள்ளை சொல்லேக்கை கேக்கமாட்டீரோ? என்ர சின்னவன் ரெண்டு தரம் போட்டுத் திண்டவன்!" படித்த பிள்ளை என்றது என்னைத்தான். குலம் மாமா சிரித்தார். "வன்னியிலை பங்கருக்குள்ளை இருந்து திண்டதுகளை விடவோ தவம்? இந்த மானோ என்னைக் கொல்லப்போகுது? போம் ஐசே, போய்ப் படும்" என்று அப்பாவின் தோளில் தட்டிக் கதவைச் சாத்தினார். சாத்தின கையோடு உள்ளே மனிசியைப் பார்த்துக் கத்தினது வெளியே கேட்டது, "எல்லாத்தையும் எறி! சட்டியையும் சேர்த்து எறி!"

அப்பாவுக்கும் கேட்டது. படியில் அப்படியே நின்றார்.

அன்றிலிருந்து கராஜைத்தான் கழுவுகிறார். வேலைக்குப் போகவில்லை. பிளீச் ஊற்றி, வாளை, நிலத்தை, சுவரை, திரும்பத் திரும்ப. கைத் தோல் உரிந்துபோச்சு.

அக்காவுக்குத் தானே சொல்லுவேன் என்றார். நான் விடவில்லை. நான் போறன், நேரில்தான் சொல்லவேணும், வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் போனிலேயோ சொல்லுறது என்று சண்டை பிடித்து...

பொறுங்கோ. அக்கா.

ஓம், சொல்லு. பஸ்ஸுக்குள்ளைதான். ... என்ன? ... ஆர் சொன்னது? ... எப்ப எடுத்தவர்? ... அக்கா, அழாதை. அழாதையடி, மூச்சை விடு. ... ஓம். ... ஓம். ... இல்லை, மனிசருக்கு வராதாம், வந்ததில்லையாம், நான் கேட்டனான். ... ம். ... அப்பிடிச் சொல்லாதை. ... ம். ... ம். ... சரி. வாறன்.

வைத்துவிட்டாள்.

அப்பா எடுத்துச் சொல்லிவிட்டார். எல்லாத்தையும். பிள்ளை சொல்லச் சொல்லக் கேளாமல் நான்தான் வெட்டினனான், எலும்பையும் நான்தான் அள்ளிப் போட்டனான் என்று. அக்கா சொல்லுகிறாள், தனக்கு இனி அப்பா இல்லையாம். பிள்ளை பிறந்தாலும் காட்டமாட்டாளாம். அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டுத்தான் போனை வைத்தாளாம். அத்தானும் பக்கத்தில் நின்று ஏதோ கத்தினார்.

என்னைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமோ? "நீ எண்டாலும் சொல்லியிருக்கிறாய்" என்றாள். "நீ மட்டும்தான் எங்களுக்காக யோசிச்சனி" என்றாள்.

ஏன் அன்ரி அப்படிப் பார்க்கிறீர்கள்?

நான் சொன்னேன்தானே. சொன்னேன் என்று உங்களுக்கு எத்தினை தரம் சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்றோ? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

வெட்ட முதல் அப்பா வாளைக் கழுவிக்கொண்டு நின்றார். கராஜ் பைப்பை முழுக்கத் திறந்து விட்டிருந்தார். முதுகு எனக்குப் பக்கம். நான் கதவடியில் நின்றேன். இங்கிலீசில் சொன்னேன். அப்பாவோடு நான் இங்கிலீசில் கதைக்கிறதே இல்லை. ஒரு தரம்தான். வாய்க்குள். எனக்கே சரியாய்க் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். கேட்டிருந்தால் வாளைக் கீழே வைத்திருப்பார், அன்ரி. உடனே வைத்திருப்பார். பக்டரியில் வேலை செய்கிற ஆள், நோய் மாடு என்றால் என்னவென்று அவருக்கு நீங்களோ நானோ சொல்லித்தரத் தேவையில்லை. எல்லாத்தையும் பையில் கட்டி வைத்துவிட்டு, சரி, வரட்டும் என்று உள்ளே போயிருப்பார். ரிசல்ட் வர ஏழு கிழமை. ஏழு கிழமைக்குப் பிறகு அவர் அதே மாதிரி சிரிப்பாரோ, ஆருக்குத் தெரியும்? என் பெயரைச் சொல்லிப் பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

பிறகு ஏதும் வந்தால் நான் சொன்னேன் என்று சொல்லலாம். அதையும் அப்பவே, அந்தக் கதவடியிலேயே யோசித்தேன். நான் மோடு, மண்டைக்குள் ஒன்றும் ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பினார்கள். எவ்வளவு கெதியாய் யோசித்திருக்கிறேன் பாருங்கோ.

இல்லை, என் கையைப் பிடிக்காதேங்கோ. பிடித்தால் நான் அப்பாவுக்குப் போன் எடுக்கமாட்டேன். அக்காவுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், இன்னும் அரை மணித்தியாலத்தில் வந்துவிடும், அடித்தாலும் அடிக்கட்டும். அதுவரைக்கும் அவர் அங்கே தனிய நிற்கிறார். நம்பர் அதில் முதலாவதாய் இருக்கு, "அப்பா" என்று. நீங்கள் அமத்தித் தாங்கோ.

ரிங் போகுது.

அப்பா. நான்தான். ... இல்லை, இன்னும் போய்ச் சேரேல்லை. ... தெரியும். அவள் எனக்கும் எடுத்தவள். ... அப்பா, நான் ஒண்டு சொல்லவேணும். எங்கை நிக்கிறியள்? ... கராஜிலையோ? ... கழுவினது காணும் அப்பா. பைப்பைப் பூட்டுங்கோ. ... பூட்டிப்போட்டு வந்து போனைக் காதிலை வையுங்கோ. ... பூட்டிட்டீங்களோ? ... இல்லை அப்பா, வடிவாப் பூட்டுங்கோ. எனக்கு இன்னும் தண்ணி ஓடுற சத்தம் கேக்குது.